வாங்கிய ஹெட்போன் மனசுக்கு ஒட்டவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் ஹெட்போன் வாங்க மூன்று வழிதான்: கைப்பேசிக் கடை, இரவுச் சந்தை, ஷோப்பி அல்லது லசாடா இணையச் சந்தையின் பார்சல். மூன்றிலும் காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்து வாங்குவது அபூர்வம். காணொளியில் யாரோ புகழ்ந்ததைக் கேட்டுக் காசைக் கட்டுகிறோம், பெட்டியைப் பிரித்த அன்றே முகம் வாடிப் போகிறது. இப்படி வாடும் முகங்களில் பாதிக்கு மேல் பழுதான பொருளால் வந்தவை அல்ல. பொருந்தாத ரப்பர், பொருந்தாத கைப்பேசி, பொருந்தாத வேலை ஆகியவைதான் காரணம். அதனால் சரிசெய்யக்கூடிய கேள்விகள் முதலில் வருகின்றன, பணத்தைத் திரும்பக் கேட்பது பிறகு.

பார்சல் வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பெட்டியைக் கிழிக்காமல் பிரியுங்கள். பிரிப்பதை ஒரே தொடர்ச்சியாகக் கைப்பேசியில் படம் பிடியுங்கள்: முகவரிச் சீட்டு, முத்திரை, உள்ளே இருக்கும் பொருள் மூன்றும் தெரிய வேண்டும். ஷோப்பியில் 'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானை அன்றே அழுத்தாதீர்கள். அதை அழுத்தினால் நிறுத்தி வைக்கப்பட்ட பணம் விற்றவருக்குப் போய்விடும். திருப்பி அனுப்பும் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று ஆர்டர் பக்கத்தில் பார்த்து, நாள்காட்டியில் எழுதி வையுங்கள்.

பிறகு ஐந்து சோதனைகள். இடது, வலது மாறாமல் வருகிறதா பாருங்கள். யூடியூப்பில் இதற்கென்றே இடது வலது சோதனை ஒலிகள் இருக்கின்றன. அடுத்து, தம்புரா சுருதியை மெதுவான ஒலியில் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். 'கிர்ர்' என்ற அதிர்வோ ஒரு பக்கம் சாய்ந்த ஒலியோ இருந்தால் தம்புரா காட்டிக் கொடுத்துவிடும், ஆட்டம் போடும் பாட்டில் அது மறைந்துவிடும். மூன்றாவது, தவில். தொப்பிப் பக்கத்தில் குச்சி விழும் 'தொம்' நெஞ்சில் படுகிறதா, வெறும் 'டப்' என்று தட்டையாக இருக்கிறதா? நான்காவது, நாதஸ்வரம் உச்சத்தில் காதைக் குத்துகிறதா? கடைசியாக, பேட்டரியை நிறைத்து ஒரே மூச்சில் ஓடவிட்டு நேரத்தைக் குறியுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் பாதி ஒலியில், இரைச்சல் நீக்கத்தை அணைத்து அளந்தது. அதில் இரண்டு மணி நேரம் குறைந்தால் பதற வேண்டாம், பாதிதான் வருகிறது என்றால் பழுது.

புது இயர்போனில் பேஸே இல்லை. தகர டப்பாவில் தட்டுவது போல இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பத்தில் எட்டுப் பேருக்கு இல்லை என்றே சொல்லத் துணிவோம். காதுக்குள் செருகும் இயர்போனில் அடித்தளச் சத்தம் வர வேண்டுமானால் ரப்பருக்கும் காதுத் துளைக்கும் இடையே காற்றுக் கசிவு இருக்கக் கூடாது. சிறு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலியின் அழுத்தம் அந்த வழியே ஓடிவிடும். மேல் ஒலிகள் மட்டும் மிஞ்சும், அதைத்தான் தகர டப்பா என்கிறீர்கள்.

பாட்டு ஓடும்போதே இயர்போனை விரலால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் திடீரென்று வந்தால் இயர்போனில் குறையில்லை, ரப்பர்தான் தவறு. பெட்டியில் சிறிது, நடு, பெரிது என்று மூன்று ஜோடி இருக்கும். நடு அளவு ஏற்கெனவே மாட்டியே வரும், பலர் மற்ற இரண்டையும் பையோடு குப்பையில் போட்டுவிடுகிறார்கள். முதலில் பெரியதை மாட்டிப் பாருங்கள். மாட்டும்போது எதிர்க் கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காதின் மேல்நுனியை மேலேயும் பின்னேயும் இழுத்துக்கொண்டு செருகுங்கள், துளை நேராகும். சரியாக அடைத்தால் உங்கள் சொந்தக் குரலே தலைக்குள் கேட்பது போல இருக்கும்.

இரண்டு காதும் ஒரே அளவு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வலது பக்கம் பெரிது, இடது பக்கம் நடு என்று போட்டுக்கொள்வது சாதாரணம். மூன்று அளவும் ஒத்துவராவிட்டால் நுரை ரப்பர் வாங்குங்கள். விரலில் உருட்டிச் சுருக்கி உள்ளே விட்டு, விரியும் வரை முப்பது விநாடி பிடித்திருக்க வேண்டும். வியர்வையிலும் காதழுக்கிலும் அது சில மாதங்களில் ஊறிப்போகும், செலவு தொடரும். வாங்கும் முன் இயர்போன் குழாயின் வெளி விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். வயரில்லா இயர்பட் என்றால் ரப்பரை மாட்டிய நிலையில் பெட்டி மூடுகிறதா என்பதும் முக்கியம். உயரமான ரப்பர் போட்டால் சில பெட்டிகள் மூடாது, சார்ஜ் ஏறாது. பிறகு 'பேட்டரி போச்சு' என்று இன்னொரு புகார் வரும்.

காதின் வாசலில் சும்மா தொங்கும் ரப்பரில்லாத வகையில் அடைப்பே கிடையாது. அதில் உறுமி மேளத்தின் முனகல் வரும் என்று எதிர்பார்ப்பது சல்லடையில் தண்ணீர் பிடிப்பதுதான். காதை மூடும் பெரிய ஹெட்போனுக்கும் இதே விதி: மூக்குக் கண்ணாடியின் தண்டு, அடர்ந்த முடி, பெரிய ஜிமிக்கி இவை மெத்தைக்கு அடியில் இடைவெளி போட்டுவிடும்.

நூறு மணி நேரம் ஓடவிட்டால் 'திறக்கும்' என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?

அளந்து பார்த்தால் மாற்றம் மிகச் சொற்பம். மாறுவது பெரும்பாலும் மெத்தை, அது தலையின் வடிவத்துக்கு அமுங்குகிறது. அதைவிட அதிகம் மாறுவது நம் மூளை, புதிய ஒலிக்குப் பழகிக்கொள்கிறது. நூறு மணி நேரம் காத்திருப்பதில் ஒன்று மட்டும் உறுதி: திருப்பி அனுப்பும் கெடு ஓடிவிடும்.

500 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். தம்பியின் 60 வெள்ளி வயர் செட் இதைவிட நன்றாக இருக்கிறதே?

இருக்கலாம். 2017இல் ஜெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து, ஒலியின் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை என்று எழுதினார். வயரில்லா ஹெட்போனில் நீங்கள் கொடுக்கும் காசு ஒலிக்கு மட்டும் போவதில்லை. பேட்டரி, புளூடூத் சிப், இரைச்சல் நீக்கும் மைக்குகள், செயலி, விளம்பரம் எல்லாவற்றுக்கும் பங்கு போகிறது. 60 வெள்ளி வயர் செட்டில் அந்தப் பங்குகள் இல்லை.

ருசியும் ஒரு காரணம். பல பெரிய நிறுவனங்கள் பேஸை ஏற்றியே அனுப்புகின்றன. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக நடமாடும். ஏற்றிய பேஸில் அந்த நடை குழம்பி, மேலே வயலின்களும் மங்கிவிடும். அதே ஹெட்போன் இப்போதைய குத்துப்பாட்டுக்கு அமிர்தமாக இருக்கும். இதற்கு மருந்து சமனி, அதாவது ஈக்வலைசர். நிறுவனத்தின் செயலியில் இருக்கும். 'பேஸ் பூஸ்ட்' போன்ற தயார் அமைப்புகளைத் தொடாமல், முதலில் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டியை 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள். குரல் வெளியே வரும். எதையாவது ஏற்றினால் மொத்த ஒலியை அதே அளவு இறக்குங்கள், இல்லாவிட்டால் உச்சத்தில் கிழியும். மூன்று நாள் கேட்ட பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான், கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள்.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். ஐம்பது, அறுபதுகளின் பாடல்கள் மோனோவில் பதிவானவை, இரண்டு காதிலும் ஒன்றே வரும், அது குறையல்ல. யாரோ கேசட்டிலிருந்து ஏற்றிய காணொளியை நல்ல ஹெட்போனில் கேட்டால் நாடாவின் 'ஸ்ஸ்' முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். ஸ்பாட்டிஃபை இலவசக் கணக்கில் 160 கிலோபிட் வரைதான் வரும், கட்டணக் கணக்கிலும் தரத்தை அமைப்பில் போய் நாமே ஏற்ற வேண்டும்.

ஸ்டூடியோ ஹெட்போன் வாங்கினேன். கைப்பேசியில் சத்தமே வரவில்லை.

பெட்டியில் ஓம் எண்ணை, அதாவது மின்தடையின் அளவைப் பாருங்கள். பேயர்டைனமிக் டிடி 990 புரோவின் 250 ஓம் வகையை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தரும். கைப்பேசியில் செருகும் சிறு மாற்றி அரை வோல்ட் தந்தால் கணக்கு இது: 0.5 பெருக்கல் 0.5, வகுத்தல் 250, விடை 1 மில்லிவாட். உச்சத்தில் 96 டெசிபல். ஆனால் பாட்டின் சராசரி உச்சத்தைவிட 15 டெசிபல் அளவு கீழே இருக்கும், பழைய பதிவுகளில் இன்னும் கீழே. அதனால்தான் முழு ஒலியிலும் உயிரில்லாமல் இருக்கிறது. அதே அரை வோல்ட் 32 ஓம் செட்டுக்குப் போனால் ஏறக்குறைய 8 மில்லிவாட் கிடைக்கும்.

டிடி 770 புரோ 32, 80, 250 என்று பல ஓம்களில் வருகிறது. விற்பவர் மலிவாகத் தருவது எந்த ஓம் என்று கேளுங்கள். கைப்பேசிக்கு 16 முதல் 80 ஓம் வரை போதும். ஏற்கெனவே 250 வாங்கியாகிவிட்டது என்றால் 2 வோல்ட் தரும் யூஎஸ்பி டாக் (DAC, அதே மாற்றியின் பலமான வகை) ஒன்று வாங்கினால் தீரும். ஹெட்போனை மாற்றுவதைவிட அது மலிவு. ஒரு எச்சரிக்கை: ஆப்பிளின் யூஎஸ்பி சி மாற்றி ஐபோனில் நன்றாகவே வேலை செய்யும், பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஒலியைப் பாதியில் பிடித்துவைக்கும். அண்ணன் சொன்னார் என்று அதை ஆண்ட்ராய்டுக்கு வாங்காதீர்கள்.

இசை கேட்கிறது, பாடுபவர் குரல் மட்டும் காணோம். கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கிறது.

வயர் செட்டில் இது வந்தால் எர்த் இணைப்பு விட்டிருக்கிறது என்று பொருள். இரு பக்கமும் பொதுவாக இருக்கும் அந்த வயர் இல்லாவிட்டால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். குரல் இரண்டிலும் சமமாக இருப்பதால் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது.

தடித்த கைப்பேசி உறையைக் கழற்றி, முனையை முழுவதும் செருகுங்கள். துளையில் பஞ்சும் தூசும் இருந்தால் மரப் பல்குத்தியால் எடுங்கள், ஊசி வேண்டாம். பிறகும் போகவில்லையா? மைக் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தும்போது மட்டும் குரல் வந்தால் செட் பழைய வகை இணைப்பு கொண்டது, கைப்பேசி புதிய வகை. இரண்டிலும் மைக்கும் எர்த்தும் இடம் மாறி இருக்கும். இதற்கென்று சில வெள்ளிக்கு மாற்றி விற்கிறது. அழுத்தியும் வரவில்லை என்றால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது, கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

புளூடூத்தில் பாட்டு அருமை. இணைய வகுப்பிலோ நேர்காணலிலோ மைக் திறந்ததும் ஒலி பாழாகிறது. ஏன்?

பழுதல்ல, புளூடூத்தின் பழைய கட்டமைப்பு. பாட்டு மட்டும் ஓடும்போது ஒருவழிப் பாதை, அகலமானது. மைக் திறந்ததும் அழைப்புக்கான இருவழிப் பாதைக்கு மாறுகிறது. அது மோனோ, ஒலியின் மாதிரி வேகம் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ். ஆயிரம் வெள்ளி செட்டும் பெரும்பாலும் இதில் தப்பாது.

கணினியில் தீர்வு எளிது: கூட்டத்துக்கான செயலியில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஹெட்போனை ஒலிபெருக்கியாக மட்டும் வையுங்கள். ஒலி உடனே திரும்பும். பெரும்பாலான கைப்பேசிகளில் இப்படிப் பிரிக்க முடியாது. வேலை நேர்காணல் என்றால் மைக் உள்ள 20 வெள்ளி வயர் இயர்போனையே போடுங்கள், எதிர்முனையில் இருப்பவருக்கு நீங்கள் தெளிவாகக் கேட்பது அதில்தான்.

விளையாட்டில் சுட்ட பிறகு சத்தம் வருகிறது.

சாதாரண புளூடூத்தில் 150 முதல் 250 மில்லிவிநாடி தாமதம் இருக்கும். காணொளிச் செயலிகள் படத்தையும் அதற்கேற்பத் தாமதப்படுத்திச் சமாளிக்கின்றன, விளையாட்டால் அது முடியாது. 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள், குறையும், ஒழியாது. போட்டியாக ஆடுபவருக்கு வயர், அல்லது தனி யூஎஸ்பி செருகியோடு (டாங்கிள்) வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட். வேறு வழி இல்லை.

பெட்டியில் எல்டாக் என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஐபோனில் காணவில்லை.

வராது. எல்டாக், எஸ்பிசி, ஏஏசி எல்லாம் புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகள். ஐபோன் எஸ்பிசி, ஏஏசி இரண்டையும் மட்டுமே அனுப்பும். எல்டாக் சோனி உருவாக்கியது, ஆண்ட்ராய்டு 8 முதல் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் உண்டு, 990 கிலோபிட் வரை போகும். ஐபோன் வைத்திருப்பவர் அதற்காகக் கூடுதல் காசு கொடுத்திருந்தால் வீண்தான்.

இரைச்சல் நீக்கி என்றார்கள். ஆனால் பக்கத்து வீட்டுப் பேச்சும் சேவல் கூவலும் அப்படியே கேட்கிறது.

இரைச்சல் நீக்கி, வரும் ஒலிக்கு நேர் எதிரான ஒலியை உருவாக்கி அடிக்கிறது. தொடர்ச்சியாக ஒரே மாதிரி வரும் தாழ்ந்த ஒலியில்தான் அது கெட்டிக்காரன்: பேருந்து எஞ்சின், மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, விமானம். ஏறக்குறைய 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அதன் பலம் தேய்ந்துவிடும். பேச்சு, சேவல், தட்டு விழும் ஓசை, கோயில் ஒலிபெருக்கி இவற்றை மெத்தையும் ரப்பரும்தான் தடுக்க வேண்டும். ஈப்போவுக்குப் பேருந்தில் தினமும் போய்வருபவருக்கு அது கொடுத்த காசுக்குப் பெறும். லயத்து வீட்டில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு என்றால், நன்றாக அடைக்கும் ரப்பரும் மெதுவாக ஓடும் மழைச் சத்தமும் அதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செம்பனை ஆலையிலும் புல்வெட்டும் இயந்திரத்தோடும் வேலை செய்பவர்கள் இதைச் செவிப் பாதுகாப்பாக நினைத்துப் போடுகிறார்கள். அது பாதுகாப்புக் கவசம் அல்ல. மலேசியாவின் 2019 இரைச்சல் ஒழுங்குமுறைப்படி நாளொன்றுக்கான வரம்பு 85 டெசிபல். அதற்கு மேல் போகும் இடத்தில் முதலாளி தர வேண்டியது தரச் சான்று பெற்ற காது அடைப்பான் அல்லது காது மூடி. இரைச்சலை வெல்ல ஒலியை ஏற்றிப் பாட்டுக் கேட்பது இன்னும் மோசம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும், 89 டெசிபலில் வாரம் ஐந்து மணி நேரம்தான் மிஞ்சும்.

அப்பாவுக்கு வயரில்லா செட் வாங்கிக் கொடுத்தேன். மின்னல் எஃப்எம் பிடிக்கவில்லை என்கிறார்.

கைப்பேசியில் உள்ள எஃப்எம் வானொலிக்கு இயர்போன் வயர்தான் ஏரியல். வயர் இல்லாவிட்டால் அலை பிடிக்காது. பழைய வயர் செட்டைச் செருகி வைத்துக்கொண்டு ஒலியைப் புளூடூத்துக்கு மாற்ற சில கைப்பேசிகள் இடம் கொடுக்கும். இல்லையேல் இணையச் செயலி வழி கேட்கலாம், தரவு செலவாகும். உண்மையில் அப்பாவுக்கு 15 வெள்ளி வயர் செட்தான் சரியான பரிசு.

ஒரு வருடத்தில் மெத்தையின் தோல் உரிந்து கருப்புத் தூள் காதில் ஒட்டுகிறது. தரம் குறைந்ததா?

செயற்கைத் தோலின் பூச்சு பாலியூரத்தேன். ஈரமும் வெப்பமும் வியர்வையும் சேர்ந்தால் அது தானே சிதையும். நம் நாட்டு ஈரப்பதத்தில் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்தாலும் உரியும். பழைய இருப்பை 'புதுசு' என்று மலிவாக வாங்கியவர்களுக்கு இதுதான் நேர்கிறது. விலை உயர்ந்த செட்டும் விதிவிலக்கல்ல.

மெத்தையை மட்டும் மாற்றலாம். பழையதன் வெளி நீளம், அகலம், உள் துளை, தடிமன் நான்கையும் மில்லிமீட்டரில் அளந்து வாங்குங்கள், மாடல் பெயரைப் போட்டுத் தேடுவது இன்னும் நல்லது. சிலவற்றில் மெத்தையின் உதடு கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிப் போர்த்தியிருக்கும், சிலவற்றில் பிளாஸ்டிக் வளையம் கொக்கியில் மாட்டியிருக்கும். உதடு வகைக்கு, பழையதை ஒரு ஓரத்திலிருந்து இழுத்துக் கழற்றுங்கள். புதியதன் உதட்டை ஓரிடத்தில் பள்ளத்துக்குள் நுழைத்து, பழைய வங்கி அட்டையின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு சுற்றி வாருங்கள். கொக்கி வகையை இழுக்காதீர்கள், தட்டையான கருவியால் நெம்புங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய துணியையோ நுரையையோ தூக்கிப் போடாதீர்கள், ஒலி மாறிவிடும். வெல்வெட் மெத்தை காற்றோட்டமாக இருக்கும், ஆனால் பேஸ் குறையும்.

ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது.

முதல் சந்தேகம் காதழுக்கு. ரப்பரைக் கழற்றிக் குழாயின் வலையை வெளிச்சத்தில் பாருங்கள். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் தேயுங்கள், மேல்நோக்கிப் பிடித்தால் அழுக்கு உள்ளே போகும். ஒட்டியதைச் சுவரொட்டிப் பசைக் களிமண்ணால் ஒற்றி எடுங்கள். ரப்பரைச் சோப்பு நீரில் கழுவி முழுக்க உலர்த்துங்கள். வலையில் ஆல்கஹாலைச் சொட்டாதீர்கள், அது அழுக்கைக் கரைத்து உள்ளே இறக்கும்.

இயர்பட் ஒன்று சார்ஜ் ஏறவில்லை என்றால் பெட்டிக்குள் இருக்கும் சிறு உலோகப் புள்ளிகளைப் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். வியர்வை உப்பு பச்சையாகப் படிந்திருக்கும். மழையில் நனைந்த செட்டை அரிசியில் புதைப்பதால் பயன் இல்லை. சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள், அதுவரை சார்ஜ் போடாதீர்கள்.

'ஓரி' (அசல்) என்று கொடுத்தார்கள். போலியா என்று எப்படித் தெரியும்?

மலேசியாவில் விற்கும் புளூடூத் கருவிக்குத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்க வேண்டும். பெட்டியிலோ கருவியிலோ பாருங்கள். 'ஏபி செட்' என்பது வேறு வழியாக வந்த அசல் பொருளாக இருக்கலாம், ஆனால் இங்குள்ள முகவர் உத்தரவாதம் தரமாட்டார். எனவே எவ்வளவு மலிவு என்பதோடு யார் பழுது பார்ப்பார் என்றும் கேட்டு வாங்குங்கள்.

வரிசை எண்ணை நிறுவனத் தளத்தில் போட்டுப் பார்த்து 'அசல்' என்று நிம்மதியடையாதீர்கள். போலி செய்பவர்கள் அசல் எண்ணையே அச்சடிக்கிறார்கள். ஏர்பாட்ஸ் போலியில் மூடியைத் திறந்ததும் ஐபோனில் படம் தோன்றுவதுகூட வரும். பெட்டியில் 'கிரேட் ஏஏஏ', 'ஓஇஎம்', '1:1' என்று இருந்தால் அது விற்பவரே கொடுத்த வாக்குமூலம்.

கடைக்காரர் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்கிறார். அவ்வளவுதானா?

இல்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், விளம்பரத்தில் சொன்னதோடு ஒத்திருக்க வேண்டும், வாங்கியவர் என்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கினாரோ அதற்கு உதவ வேண்டும். கடைச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு இந்த உரிமையை அழிக்காது.

ஆனால் 'ஒலி எனக்குப் பிடிக்கவில்லை' என்பது இதில் சேராது. மனம் மாறுவதும் பொருள் பழுதாவதும் வேறுவேறு. மனம் மாறியதற்கு விற்பவரின் சொந்தக் கொள்கையும் இணையச் சந்தையின் கெடுவும்தான் கதி. இரைச்சல் நீக்கி உண்டு என்று விற்று அது இல்லாத செட், ஒரு மாதத்தில் ஒரு பக்கம் செத்த செட், அசல் என்று சொல்லித் தந்த போலி ஆகியவற்றுக்குச் சட்டம் உங்கள் பக்கம்.

முதலில் எழுத்தில் கேளுங்கள். வாட்சாப் போதும்: வாங்கிய தேதி, விலை, குறை என்ன, என்ன வேண்டும் (பழுதுபார்த்தல், மாற்று அல்லது பணம்), எந்தத் தேதிக்குள். ரசீது, விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), குறையைக் காட்டும் காணொளி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுங்கள், சண்டை தொடங்கியதும் அது மாறிவிடும். பொருளைப் பிரித்துப் பார்க்காதீர்கள், நீங்களே உடைத்தீர்கள் என்பார்கள். தாமதமும் ஆகாது: நியாயமான காலத்துக்குள் நிராகரிக்காவிட்டால் நிராகரிக்கும் உரிமை போய்விடும்.

பதில் இல்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். வழக்கறிஞர் தேவையில்லை. இணையம் வழியும் மனுப் போடலாம், உள்நாட்டு வாணிப அமைச்சின் ஈப்போ அலுவலகத்திலும் விசாரிக்கலாம். 80 வெள்ளி செட்டுக்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்டால், பெரும்பாலும் மனு போட்ட தகவல் போனதுமே கடைக்காரர் இறங்கி வந்துவிடுவார். விற்றவர் தனியாள், தன் பழைய செட்டை முகநூலில் விற்றவர் என்றால் இந்தச் சட்டம் பாயாது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் தீர்ப்பை நிறைவேற்றுவதும் கடினம், அங்கே இணையச் சந்தையின் கெடு ஒன்றே உங்கள் ஆயுதம்.

கெடுவும் போச்சு, பழுதும் இல்லை, பிடிக்கவும் இல்லை. என்ன செய்வது?

சீக்கிரம் விற்றுவிடுங்கள். வயர் செட்டின் விலை மெதுவாக இறங்கும். வயரில்லா இயர்பட் வேகமாக இறங்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் பொத்தான் அளவு பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் களைத்துவிடும், அதை மாற்றுவதும் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. விற்கும்போது புது ரப்பர் ஒரு ஜோடி போட்டுக் கொடுங்கள், பழைய கணக்கிலிருந்து இணைப்பை நீக்குங்கள். காதை மூடும் பெரிய செட்டாக இருந்தால் விற்பதற்கு முன் ஒரு வாரம் தொலைக்காட்சிப் பெட்டியில் மாட்டிப் பாருங்கள். கைப்பேசிக்கு உதவாத பல ஹெட்போன்கள் இரவில் நாடகம் பார்க்கும் அம்மாவுக்கு நன்றாக உதவுகின்றன.

வயர் முனையருகே அறுந்துவிட்டது. 40 வெள்ளி செட்டுக்குப் பழுதுபார்ப்பது தகுமா?

சாலிடர் இரும்பு கையில் இருந்தால் தகும், புது முனை சில வெள்ளிதான். பழைய முனையிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள், முறிவு பெரும்பாலும் அந்தப் பகுதிக்குள் இருக்கும். புது முனையின் மூடியை வயரில் முதலிலேயே கோர்த்துவிடுங்கள். எல்லோரும் மறப்பது இதைத்தான், மறந்தால் ஒட்டியதைப் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும். உள்ளே தலைமுடி போன்ற வண்ணக் கம்பிகள் இருக்கும்: சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் எர்த். மைக் உள்ள செட்டில் இன்னொன்று கூடும். கம்பியின் வண்ணம் ஒரு மெருகுப் பூச்சு, அது மின்சாரத்தை விடாது. இரும்பை 380 பாகையில் வைத்து, நுனியில் ஈயத் துளியை உருட்டி, கம்பி முனையை அதற்குள் இரண்டு மூன்று விநாடி அமிழ்த்தினால் பூச்சு எரிந்து ஈயம் பிடிக்கும். பளபளவென்று ஈயம் பிடிக்காத கம்பியை ஒட்டிப் பயனில்லை.

நான்கு பட்டை முனையில் வரிசை இது: நுனி இடது, முதல் வளையம் வலது, இரண்டாம் வளையம் எர்த், அடிப்பகுதி மைக். ஒட்டியதும் மூடியைத் திருகுவதற்கு முன்பே பாட்டுப் போட்டுப் பாருங்கள். குரல் காணாமல் போயிருந்தால் எர்த் பிடிக்கவில்லை, அதை மட்டும் மறுபடி ஒட்டுங்கள்.